குதிரைப் பண்ணையில் ஒரு பருவம்

மனிதன் தன்னோடு சேர்த்துக்கொண்ட விலங்குகள் பல. ஆடும் மாடும் அவனுக்கு உணவளித்தன. எருது அவன் நிலத்தை உழுதது. நாய் அவன் வாயிலைக் காத்தது. குதிரையோ தன் கால்களையே அவனுக்குக் கொடுத்தது. நடந்து சென்றால் பல நாள் ஆகும் வழியைச் சில நாளிற் கடக்கும் ஆற்றலை அவன் அதனிடமிருந்தே பெற்றான். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் குதிரைகளின் முன்னோர், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னர், உருசிய நாட்டின் வோல்கா, டான் என்னும் ஆறுகளின் கீழ்ப்பகுதியிலுள்ள புல்வெளிகளிற் பழக்கப்பட்டவை என்பது 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. தமிழரும் இவ்விலங்கினை நெடுங்காலமாக அறிவர். மா, பரி, புரவி, இவுளி எனப் பல பெயர்களால் நம் புலவர்கள் அதனைச் சுட்டினர். அது கடல் வழியாகக் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது.

இத்துணைப் பழமையான உறவு எவ்வாறு உண்டாகின்றது? தன்னினும் ஏழெட்டு மடங்கு எடையுள்ள ஒரு விலங்கு, மெலிந்த ஒரு மனிதனைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ள ஏன் இசைகின்றது? அச்சத்தாலா, அன்பாலா, வெறும் பழக்கத்தாலா? இவ்வினாக்களுக்கு நூல்களும் விடை கூறும். எனினும், ஒரு பருவம் முழுவதும் குதிரைகளோடு வாழ்ந்து பெறும் விடையே தெளிவானது. அத்தகைய வாழ்க்கைக்கு ஏற்ற இடம் அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள மேய்ச்சற் பண்ணையாகும்.

மேய்ச்சற் பண்ணை என்பது உழுது பயிரிடும் பண்ணை அன்று. கண்ணுக்கு எட்டிய தொலைவும் அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கும் புல்வெளியே அதன் செல்வம். வயோமிங், மொன்டானா முதலிய மாநிலங்களில் இத்தகைய பண்ணைகள் மிகுதி. அங்கே மழை குறைவு, பனி மிகுதி, மரங்கள் ஆற்றங்கரையிலும் மலைச்சாரலிலுமே அடர்ந்து வளரும். உழவுக்கு உதவாத அந்நிலம் மாடுகள் மேய்வதற்கு உதவுகின்றது. வேலிகள் பல கல் தொலைவுக்கு நீண்டு செல்லும். மேடு பள்ளம் நிறைந்த அவ்விடங்களில் மாடுகளைத் தேடிச் சென்று திரட்டிக்கொண்டு வருவதற்குக் குதிரையைப்போல் உதவும் துணை வேறில்லை. ஆதலால், மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னரும் குதிரை அங்கே தன் வேலையை இழக்கவில்லை.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. குதிரையினம் முதன்முதலில் தோன்றியதே அமெரிக்காவில்தான். ஆயினும், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் அங்கே அடியோடு அழிந்தது. 1493-ஆம் ஆண்டில் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தின்போது குதிரைகளைக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். 1519-இல் கோர்டெசு என்னும் இசுபானியத் தலைவர் 16 குதிரைகளோடு மெக்சிகோ நாட்டிற் கரையிறங்கினார். பின்னர் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் வடக்கு நோக்கிப் பரவின. அமெரிக்கப் பழங்குடி மக்கள் அவற்றைப் பேணித் தேர்ந்த குதிரைவீரர்களாயினர். கட்டவிழ்ந்து காட்டில் திரிந்தவை 'மசுடாங்கு' என்னும் பெயர் பெற்றன. இவ்வாறு, பிறந்தகம் விட்டுச் சென்ற இனம் நெடுங்காலங் கழித்துப் பிறந்தகம் மீண்டது எனலாம்.

பண்ணைக்கு விருந்தினராகச் சென்று தங்கும் வழக்கமும் பழையதே. ஈட்டன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த உடன்பிறந்தார் மூவர் 1879-ஆம் ஆண்டளவில் தக்கோட்டா நிலப்பரப்பில், மெடோரா என்னும் ஊரின் அருகே பண்ணை ஒன்றை அமைத்தனர். கிழக்கு நகரங்களிலிருந்து நண்பர்கள் வந்து வாரக்கணக்காகத் தங்கலாயினர். நாளடைவில் வந்தவர்கள் தம் உணவுக்கும் குதிரைக்கும் தாமே பணம் தர முன்வந்தனர். 1904-இல் அப்பண்ணை வயோமிங் மாநிலத்தில் பிக்கார்ன் மலையடிவாரத்திலுள்ள உல்ப் என்னும் இடத்திற்கு மாறியது. இதைப் பின்பற்றி விருந்தினர் பண்ணைகள் பல தோன்றின.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1901 முதல் 1909 வரை விளங்கிய தியோடர் ரூசுவெல்ட்டின் வாழ்க்கையிலும் இப்பண்ணை வாழ்வு பேரிடம் பெற்றது. 1884-ஆம் ஆண்டு பிப்பிரவரி 14-ஆம் நாள், ஒரே வீட்டில், அவருடைய அன்னையும் மனைவியும் இறந்தனர். அப்போது அவருக்கு வயது 25. ஆற்ற முடியாத துயரத்தோடு அவர் தக்கோட்டாவிற்குச் சென்று, மெடோராவின் அருகே இருந்த தம் பண்ணையில் உழைக்கலானார். நாள் முழுதும் சேணத்தில் அமர்ந்து மாடு திரட்டினார். மனிட்டு என்னும் குதிரை அவருடைய வேட்டைத் துணையாயிற்று. அதன் நற்குணங்களை அவர் தம் நூலிற் பாராட்டியுள்ளார். அந்த மேற்கு நில வாழ்வு இல்லாதிருந்தால் தாம் குடியரசுத் தலைவராகியிருக்க இயலாது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். துயருற்ற மனத்துக்கு ஆறுதல் சொல்லும் ஆற்றல் குதிரைக்கு இல்லை. ஆனால், குதிரைக்கு நாள்தோறும் நீரும் புல்லும் வேண்டும்; அவ்வேலை மனிதனைத் துயரத்தோடு தனித்திருக்க விடுவதில்லை.

குதிரையோடு பழக விரும்புவோர் முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். குதிரை பிறவிலங்கைக் கொன்று தின்பது அன்று, பிறவிலங்குக்கு இரையாவது. ஓநாயும் மலைச்சிங்கமும் துரத்திய காலத்தில் ஓடித் தப்பியவையே உயிர் பிழைத்தன. நின்று ஆராய்ந்தவை மடிந்தன. ஆதலால், ஐயம் தோன்றினால் முதலில் ஓடுதலும், பின்னர்த் திரும்பிப் பார்த்தலும் அதற்கு இயல்பாயின. காற்றில் அசையும் ஒரு காகிதத்தைக் கண்டு 500 கிலோ எடையுள்ள விலங்கு வெருண்டு தாவுவதைக் காண்போர் நகைப்பர். அந்த வெருட்சியே அதன் குலத்தைப் பன்னூறாயிரம் ஆண்டுகள் காத்த கவசம் என்பதை அறிந்தோர் நகையார்.

அதன் உறுப்புகளும் இவ்வியல்புக்கு ஏற்றவாறே அமைந்துள்ளன. அதன் கண்கள் நிலவாழ் விலங்குகளின் கண்களுள் மிகப் பெரியனவற்றைச் சேர்ந்தவை. அவை முகத்தின் இருபுறத்தும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை அளவும் அது காணவல்லது. காணாத இடங்கள் இரண்டே: நெற்றிக்கு நேர் முன்னே சிறிதிடம்; வாலுக்கு நேர் பின்னே சிறிதிடம். இவ்விரண்டு இடங்களிலும் திடீரென்று தோன்றுபவன் அதற்குப் பகைவனே ஆவான். ஆதலால், அறிந்தோர் தோளின் பக்கமாக, மெல்லிய குரல் கொடுத்துக்கொண்டே, விரைவின்றி அணுகுவர். அதன் செவிகள் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தனித்தனியே திரும்பும். செவி திரும்பும் திசையிலேயே அதன் மனமும் இருக்கின்றது. இரு செவிகளும் கழுத்தோடு படிந்து கிடந்தால் அது சினந்துள்ளது. தலை தாழ்ந்து, ஒரு பின்னங்கால் தளர்ந்து நின்றால் அது அமைதியாக உள்ளது. நின்றுகொண்டே கண்ணயர்வதற்கு ஏற்ற பூட்டமைப்பு அதன் கால்களில் உண்டு. ஆயினும், ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தல் வேண்டும். பக்கத்தில் மற்றொரு குதிரை விழித்துக் காவல் நின்றாலன்றி அது எளிதிற் படுப்பதில்லை. கூட்டமே அதற்குக் கோட்டை.

குதிரை பேசாது, ஆனால் மனிதனின் உடலைப் படிக்கும். இதற்குச் சான்றாக விளங்குவது பெர்லின் நகரில் வாழ்ந்த ஆன்சு என்னும் குதிரையின் கதை. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும் என்று அக்குதிரை பெரும்புகழ் பெற்றது. அதன் தலைவர் வில்லெம் பான் ஆசுடன் என்பவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் குதிரை உண்மையாகவே கணக்கறியும் என்று நம்பியவர். 1907-ஆம் ஆண்டில் ஆசுகர் பங்குசுட்டு என்னும் ஆராய்ச்சியாளர் அதனைச் சோதித்தார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. கேட்பவர் கண்ணுக்குத் தோன்றாதபோதும் அது தவறியது. உண்மை விளங்கியது. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேட்பவரின் தலை தம்மையறியாமலே மிகச் சிறிதளவு அசையும். அவரும் அறியாத, அவையோரும் காணாத அவ்வசைவைக் குதிரை கண்டு, தட்டுவதை நிறுத்தியது. கணக்கு அறியாவிடினும் மனிதனை அது நன்கறிந்திருந்தது.

அண்மைக் கால ஆராய்ச்சிகளும் இதனை உறுதி செய்கின்றன. 2009-இல் சுவீடன் நாட்டிற் செய்த ஆய்வு ஒன்றில், மனிதர்கள் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு குறித்த தொலைவு பலமுறை நடந்தனர். இறுதி முறை, குதிரை கடக்கும்போது குடை ஒன்று திடீரென விரிக்கப்படும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. எனினும், அதனை எதிர்பார்த்த மனிதரின் நெஞ்சத் துடிப்பு விரைந்தது. குடையைப் பற்றி ஒன்றும் அறியாத குதிரையின் நெஞ்சத் துடிப்பும் உடன் விரைந்தது. மனிதன் தன் அச்சத்தை முகத்தில் மறைக்கலாம். கயிற்றின் மறுமுனையில் நிற்கும் குதிரையிடம் மறைத்தல் அரிது.

இனிப் பண்ணையின் பருவத்தைக் காண்போம். ஏப்பிரல், மே திங்களிற் பனி உருகி, ஓடைகளில் நீர் பெருகும். குன்றுகளின் தென்சரிவிற் புதுப்புல் தலைகாட்டும். பதினொரு திங்கள் கருச்சுமந்த பெட்டைக் குதிரைகள் அக்காலத்தில், பெரும்பாலும் இருளில், குட்டி ஈனும். பிறந்த குட்டி ஒரு மணி நேரம் அளவில் நடுங்கும் கால்களால் எழுந்து நிற்கும். தாயின் மடியைத் தேடிப் பாலுண்ணும். அன்றே தாயோடு ஓடவும் முற்படும். எழாத குட்டி பிழைப்பது அரிதாதலால், அந்த இரவுகளிற் பண்ணையில் உள்ளோர் கைவிளக்கோடு விழித்திருப்பர். புதிதாக வந்தவர் அங்கே கற்கும் முதற்பாடம் காத்திருத்தலே. தாய்க்கும் சேய்க்கும் இடையே அவசியமின்றிப் புகுதல் ஆகாது.

பகற்பொழுதில் அவருக்கு என ஒரு குதிரை காட்டப்படும். அந்நிலத்திற் பெரிதும் வேலை செய்வது 'குவார்ட்டர்' என்னும் இனம். கால் மைல் தொலைவு ஓட்டத்தில் வல்லதாகையால் அப்பெயர் பெற்றது. புதியவர் அன்றே ஏறிச் செல்லலாம் என்று எண்ணியிருப்பார். ஆனால், அவர் கையிற் கொடுக்கப்படுவது கடிவாளம் அன்று. சாணம் அள்ளும் மண்வாரி. விடியுமுன் எழுந்து கொட்டிலைத் துப்புரவு செய்தல், உலர்ந்த புல் இடுதல், நீர்த்தொட்டியை நிரப்புதல், நீர் உறைந்திருந்தால் பனிக்கட்டியை உடைத்தல் ஆகியவையே அவர் வேலை. ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை நீர் பருகும். அதன் உடலை நோக்க இரைப்பை சிறிது. ஆதலால் சிறிது சிறிதாக, நாளின் பெரும்பகுதி அது மேய்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். உண்டதைக் கக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தானிய அறையின் கதவைத் தாழிட ஒருவர் மறந்தால், உள்ளே புகுந்து மிகையாக உண்ட குதிரை வயிற்று நோயால் மடியவுங் கூடும். பண்ணையில் மறதி என்பது சிறு குற்றம் அன்று. அது ஓர் உயிரின் விலை.

பின்னர் உடலைத் தேய்த்துவிடுதல் நிகழும். கழுத்திலிருந்து தொடங்கி, மயிர் படியும் திசையிற் புழுதியை நீக்குதல் வேண்டும். சேணம் அமரும் இடத்தில் ஒரு சிறு முள்ளோ மண்கட்டியோ இருந்தால், ஏறுபவரின் எடையால் அது புண்ணாகும். அதன்பின் குளம்புகளைப் பார்த்தல் வேண்டும். வளைந்த முனையுள்ள சிறு கருவியால் குதிகாற் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கல்லையும் சேற்றையும் அகற்றுவர். குளம்பின் நடுவே முக்கோண வடிவில் மெத்தென்ற பகுதி உண்டு, அதனைக் காயப்படுத்தலாகாது. நகம்போல் வளரும் குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கி லாடத்தைப் புதுப்பிப்பர். காலைத் தூக்கிக் கொடுத்தல் குதிரைக்கு எளிய செயல் அன்று. ஓடித் தப்புவதற்குரிய கருவியை மற்றொருவன் கையில் ஒப்படைத்தல் அது. நான்கு கால்களையும் அமைதியாகக் கொடுக்கும் குதிரை, தன் உயிரையே அடைக்கலமாகக் கொடுக்கின்றது.

முற்காலத்தில் இளங்குதிரையைப் பழக்கும் முறை கொடிது. கயிற்றால் வீழ்த்தி, கண்ணைக் கட்டி, சேணத்தை இறுக்கி, அது துள்ளித் துள்ளிச் சோர்ந்து தளரும்வரை முதுகில் அமர்ந்திருப்பர். சில நாளில் அது அடங்கும். ஆனால், அடங்கிய குதிரை அன்பு கொண்ட குதிரை அன்று. தப்ப வழியில்லை என்று கண்ட குதிரை. வழி கிடைத்த நாளில் அது தப்ப முயலும்; அந்நாளில் ஏறியிருப்பவர் உயிர்க்கு உறுதியில்லை. இம்முறை தீது என்பதை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டுச் செனபோன் உணர்ந்திருந்தார். குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், சினம் கொண்ட நிலையிற் குதிரையை அணுகவே கூடாது என்று அவர் அறிவுறுத்தினார். அமெரிக்க மேற்கு நிலத்தில் 20-ஆம் நூற்றாண்டில் டாம் டாரன்சு, ரே அண்ட்டு முதலிய பண்ணையாளர்கள் இம்மெல்லிய முறையை மீண்டும் நிலைநாட்டினர். குதிரை தவறு செய்யுமாயின், தான் சொன்ன முறையிற் பிழை உண்டோ என்று மனிதன் முதலில் ஆராய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அம்முறையின் உயிர்நிலை மிக எளியது. குதிரையின் தலைக்கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்தல். அது ஓரடி முன்வந்தவுடன், அக்கணமே, கயிற்றைத் தளர்த்துதல். குதிரை இழுப்பதனாற் கற்பதில்லை, தளர்த்துவதனாலேயே கற்கின்றது. தளர்த்தல் ஒரு நொடி தாழ்ந்தால், தான் செய்த எச்செயலுக்கு அப்பரிசு கிடைத்தது என்பது அதற்கு விளங்குவதில்லை. எனவே ஆசிரியனின் கண் மாணவனின் காலைவிட விரைவாக இருத்தல் வேண்டும். கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்ளலாகாது என்பது மற்றொரு கட்டளை. குதிரை வெருண்டு ஓடினால் சுற்றிய கயிறு கையைப் பிடித்திழுக்கும். மடித்துப் பிடித்த கயிறோ நழுவிச் செல்லும். இறுக்கிப் பிடிப்பவனினும் விடத் தெரிந்தவனே அங்கே பாதுகாப்போடு இருக்கிறான்.

இங்கே தமிழ்ச் சொற்கள் இரண்டை எண்ணிப் பார்த்தல் தகும். 'பழகுதல்' என்பது ஒருவரோடு ஒருவர் நெருங்கி அறிதல். 'பழக்குதல்' என்பது பயிற்சி தருதல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. தான் பழகாதவன் பிறிதொன்றைப் பழக்கவல்லன் அல்லன் என்னும் உண்மையை நம் மொழியின் சொல்லமைப்பே உணர்த்துகின்றது. குதிரையை மாற்ற வந்தவர் முதலில் தாம் மாறுதல் வேண்டும். உரத்த குரல் தாழ்தல் வேண்டும். விரைந்த கை மெதுவாதல் வேண்டும். மனத்தில் உள்ளதும் உடலில் தோன்றுவதும் ஒன்றாதல் வேண்டும்.

புதியவர் ஒருவர்க்கு முதல் வாரத்தில் நேர்வதைக் காண்போம். காலையில் அவர் தலைக்கயிற்றோடு மேய்ச்சல் வெளிக்குள் நுழைவார். குதிரை தலை நிமிர்ந்து நோக்கும். அவர் நெருங்க நெருங்க விலகிச் செல்லும். அவர் விரைந்தால் அதுவும் விரையும். கால் மணி நேரம் துரத்திய பின், வியர்வையும் வெகுளியும் மிக, அவர் கயிற்றை நிலத்தில் எறிவார். மூத்த பண்ணையாள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து, குதிரைக்குச் சற்றே பக்கவாட்டில் நின்று, அதன் கண்ணை உறுத்து நோக்காமல், தோளைத் தளர்த்திக் காத்திருப்பார். குதிரை அவரை நோக்கி ஒரு செவியைத் திருப்பும். அவர் உடனே ஓரடி பின்வாங்குவார். துரத்துபவன் பின்வாங்குவதில்லை, ஆதலால் இவர் துரத்துபவர் அல்லர் என்பது குதிரைக்குத் தோன்றும். சில நிமிடத்தில் அது தானே நடந்து வந்து அவர் கையை மோந்து பார்க்கும். புதியவர் கால் மணி நேரத்தில் வலிமையாற் பெறாததை முதியவர் பொறுமையாற் பெறுகின்றார். புதியவர்க்கு அப்பொறுமை கைவரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அக்கயிறு பலமுறை நிலத்தில் விழும்.

வேனிற் காலம் முதிர, சேணமும் சவாரியும் தொடங்கும். இடப்பக்கமிருந்தே ஏறுவது மரபு. இடையில் வாளை இடப்பக்கம் கட்டிய போர்வீரர் காலத்து வழக்கம் அது என்பர். நடை, துள்ளுநடை, ஓட்டம், பாய்ச்சல் எனக் குதிரையின் செலவு வகைப்படும். ஒவ்வொன்றிலும் ஏறியிருப்பவர் உடல் அதன் அசைவோடு இசைதல் வேண்டும். இசையாதவரின் எடை இருமடங்காகக் குதிரையின் முதுகை வருத்தும். மாடு திரட்டும் நாட்களில் வைகறையிற் புறப்பட்டு, ஓடைகளைக் கடந்து, மலைச்சரிவில் மேயும் மந்தைகளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவருவர். தேர்ந்த குதிரை மாட்டின் கருத்தை முன்னரே உணர்ந்து திரும்பும். அத்தகைய நேரத்தில் ஏறியிருப்பவர் செய்யத்தக்கது அதனைத் தடுக்காமல் இருத்தலே. மாலையில் திரும்பியதும், தமக்கு எத்துணைப் பசியிருப்பினும், முதலிற் குதிரையின் சேணத்தை இறக்கி, முதுகைத் தடவிப் பார்த்து, நீரும் புல்லும் அளித்த பின்னரே தாம் உண்பர். இவ்வொழுங்கில் எவர்க்கும் விலக்கு இல்லை.

இவ்வுறவின் பயன் பண்ணையோடு நிற்பதன்று. காட்டுக் குதிரைகளைக் காக்க 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. அதனால் பெருகிய குதிரைகளுட் சிலவற்றைப் பிடித்துப் பழக்கி, வளர்க்க விரும்புவோர்க்கு அளிக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. அவற்றைப் பழக்கும் பணி சில மாநிலங்களிற் சிறைக் கைதிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வயோமிங் மாநிலத்து ரிவர்ட்டன் சிறைப் பண்ணை அவற்றுள் ஒன்று. வலிமையே வழி என்று வாழ்ந்து சிறைப்பட்டவர், வலிமைக்கு வயப்படாத விலங்கின் முன் நின்றனர். யாரையும் நம்பாத மனிதனும் யாரையும் நம்பாத குதிரையும் ஒரே வட்டப் பட்டியில், நாள்தோறும், ஒருவரையொருவர் நம்பக் கற்றனர்.

குதிரையைப் பொன் கொடுத்து வாங்கலாம். குதிரையறிவை அவ்வாறு வாங்க இயலாது. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் பெரும்பொருள் கொடுத்து ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கியதைக் குறித்துள்ளார். ஆயினும், ஆண்டின் முடிவில் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தோரும் நோய் தீர்ப்போரும் அங்கே இல்லாமையே காரணம் என்றும் அவர் எழுதினார். வெப்பமிக்க தட்பவெப்ப நிலையும் ஒரு காரணமாகலாம். எவ்வாறாயினும், கருவூலம் தந்த பொன், கொட்டிலில் விழித்திருக்கும் ஒருவனுடைய அறிவுக்கு ஈடாகவில்லை என்பது இதனால் விளங்கும்.

செப்டம்பர்த் திங்களில் மலைச்சாரலின் ஆசுப்பென் மரங்கள் பொன்னிறம் கொள்ளும். இரவிற் புல்நுனி உறையும். குதிரைகளின் மேல் குளிர்கால மயிர் அடர்ந்து வளரத் தொடங்கும். விற்கவேண்டிய மாடுகளைப் பிரித்து அனுப்பியபின், வேலைக் குதிரைகளின் லாடங்களைக் கழற்றி, அவற்றைக் குளிர்கால மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிவிடுவர். புதியவராக வந்தவர் தம் குதிரையின் தலைக்கயிற்றைக் கடைசி முறையாக அவிழ்ப்பார். ஏப்பிரலில் அவரைக் கண்டு விலகி ஓடிய குதிரை, கயிறு நீங்கிய பின்னரும் சிறிது நேரம் அவர் அருகே நிற்கும். பின்னர்த் தன் கூட்டத்தின் கனைப்பைக் கேட்டுத் திரும்பி ஓடும். அவ்வாறு ஓடுதல் நன்றி மறத்தல் அன்று; அது அதன் இயல்பு. நட்பு என்பது கட்டிவைத்தல் அன்று என்பதை அக்கணம் அவர் உணர்வார்.

பிரிந்த குதிரை மனிதனை நினைவில் வைத்திருக்குமா? 2010-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்தனர். பயிற்சியின்போது நல்ல முறையில் நடத்தி உணவுப் பரிசு அளிக்கப்பட்ட குதிரைகள், எட்டுத் திங்கள் கழித்தும் தம்மைப் பயிற்றியவரை விரும்பி அணுகின என்று அவர்கள் கண்டனர். பனிக்காலம் கழிந்து அடுத்த ஏப்பிரலில் அவர் மீண்டும் அவ்வேலியருகே வந்து நின்றால், கூட்டத்தின் நடுவே ஒரு தலை நிமிரும். இரு செவிகளும் முன்னோக்கித் திரும்பும். அவர் அழைக்கவேண்டுவதில்லை. முன்னைய ஆண்டில் எறிந்த கயிற்றை எடுத்து மீண்டும் மீண்டும் பொறுமையோடு காத்து நின்ற நாட்களுக்கெல்லாம் அதுவே விடையாகும்.